புதுப்பிப்பு: தொழிற்கல்விப் பள்ளி அணிகளுக்கு முதலில் தேவைப்படும் உதவி

தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் போட்டிகளுக்கு உதவ விரும்புவோர் கோப்பைக்கும் பரிசுக்கும் முன்பாகப் பயணச் செலவைக் கவனிக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு உதாரணம் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2018-இல் ஜப்பானின் அகிதா மாகாணத்தைச் சேர்ந்த கனாஅஷி வேளாண் உயர்நிலைப் பள்ளி, கோஷியென் மைதானத்தில் நடைபெற்ற 100-ஆவது தேசியக் கோடைக்காலப் பேஸ்பால் போட்டியில், உள்ளூர் மாணவர்களைக் கொண்டே இறுதி ஆட்டம் வரை முன்னேறியது; 1915-க்குப் பிறகு அகிதா அணி ஒன்று அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை. ஒவ்வொரு வெற்றியும் தங்குமிடம், உணவு, ஆதரவாளர் பயணம் ஆகியவற்றின் செலவைக் கூட்டியதால், அந்த அரசுப் பள்ளிக்கு நன்கொடை தேவைப்பட்டது. மக்களும் மனமுவந்து வழங்கினர். எனவே, அணி முன்னேற முன்னேறப் பெருகும் செலவையும் கணக்கிட்டே நிதி திரட்ட வேண்டும்.

அந்த அணியின் யோஷிதா கோசெய் ஒருவரே தொடர் முழுவதும் 881 பந்துகளை வீசினார். இறுதி ஆட்டத்தில் அணி 13-2 எனத் தோற்றது. அந்த உழைப்பை வெறும் வீரமாகப் போற்றுவதை என்னால் ஏற்க இயலவில்லை. உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பாலில் ஒரு வீச்சாளருக்கு வாரத்திற்கு 500 பந்துகள் என்ற வரம்பு 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, திரட்டும் நிதியில் ஒரு பகுதியை மருத்துவக் கண்காணிப்புக்கும் மாற்று வீரர்களின் பயிற்சிக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.