தன்னைத்தானே பாவம் பார்ப்பது: ‘கழிவிரக்கம்’ சரியா?

கரிசல்மண்: “எனக்கு மட்டும் ஏன் இப்படி” என்று மூக்கைச் சிந்துவதற்கெல்லாம் ‘கழிவிரக்கம்’ என்று எழுதுகிறார்கள். தப்பு. கழிந்ததற்கு இரங்குவது கழிவிரக்கம். செய்துவிட்ட காரியத்தை எண்ணி வருந்துவது. “எற்றென்று இரங்குவ செய்யற்க” (குறள் 655) என்கிற அந்த இரங்கல். தன்மீதே பரிதாபப்பட்டால் தன்னிரக்கம். முதலாமவன் “நான் செய்தது தப்பு” என்பான், மற்றவன் “எனக்குச் செய்துவிட்டார்கள்” என்பான்.

தாழம்பூ: வேரைப் பிடித்துக்கொண்டால் ‘சுயபச்சாதாபம்’ என்றும் எழுத முடியாதே! வடமொழியில் பச்சாத் என்றால் பின்பு, தாபம் என்றால் வேகுதல். அதுவும் செய்தபின் வருந்துவதுதான், தமிழில் அனுதாபமாகிவிட்டது. ‘பாவம்’கூடச் செய்த பாவத்திலிருந்து இரக்கத்துக்கு வந்த சொல்தான். கழிவிரக்கமும் அதே வழியில் போகிறது, போகட்டும்.

கரிசல்மண்: பாவத்தில் குழப்பம் வராது, வினை காட்டிக்கொடுத்துவிடும்: பாவம் பண்ணினான், பாவம் பார்த்தான். ‘கழிவிரக்கம் கொண்டான்’ என்றால்? வருந்தினானா, தன்னையே தடவிக்கொடுத்துக்கொண்டானா?

கடைசிபெஞ்ச்: ரெண்டு பேரும் புத்தகத்துலயே நிக்கறீங்க. பேச்சுல இந்த ரெண்டு சொல்லும் கிடையாது. வசனம் எழுதறவங்க சறுக்கற இடம் ‘நான் பாவம்’. அது கொஞ்சல்: “நான் பாவம்ல, இன்னொரு தோசை குடு.” நெஜமா நொந்தவன் “என் தலையெழுத்து”ம்பான், இல்ல “நான் குடுத்து வெச்சது அவ்ளோதான்”ம்பான். இதுல ‘அவ்ளோதான்’ விட்டுப்போச்சுன்னா கதை கந்தல். ‘குடுத்து வெச்சவன்’னா அதிர்ஷ்டக்காரன்!

அடுத்தவனைச் சொல்றப்போ இழுப்பு முக்கியம். சாதாரணமா ‘பாவம்’னா இரக்கம். “ஐயோஓ பாவம்”னு இழுத்தா நக்கல். ‘அந்தோ பரிதாபம்’ இப்ப முழுக்கவே நக்கல். உச்சுக்கொட்டறதும் அப்படித்தான்: ஒரு ‘ச்சு’ எரிச்சல், தலையாட்டிக்கிட்டே ரெண்டு மூணு ‘ச்சு’ன்னா பரிதாபம். எத்தனைன்னு எழுதலன்னா நடிக்கறவர் மாத்திப் பண்ணிடுவார்.

தாழம்பூ: ‘சிம்பதி தேடறான்’ என்பதை எப்படி எழுதுவது?

கடைசிபெஞ்ச்: அப்படியே விட்டுடுங்க. ‘அனுதாபம் தேடுகிறான்’னு எழுதினா ஓட்டு கேக்க வந்த மாதிரி இருக்கும். தமிழ்லதான் வேணும்னா ‘பாவமா மூஞ்சிய வெச்சுக்கறான்’.

கரிசல்மண்: இதை ஒத்துக்கொள்கிறேன். கழிவிரக்கத்தை அல்ல.