வேப்பமரத்து வீடு குழு: ஜான் கிளார்க் யார் பிள்ளை?

ஞாயிறு, காலை 9:12

அம்மா: சம்பந்தியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வம்சமரம் அச்சடித்துத் தரப்போவதாக மாப்பிள்ளை சொன்னாரே, என்ன ஆச்சு?

நான்: பாதியில் நிற்கிறது அம்மா. ஜான் கிளார்க் என்ற பாட்டனார் வரைக்கும் ஆதாரத்தோடு வந்துவிட்டோம். அவருக்கு அப்பா யார் என்பதில்தான் சிக்கல்.

தம்பி: அத்தான் அனுப்பிய படத்தில் தாமஸ் என்று இருந்ததே. பெரிய பண்ணைக்காரர் வேறு 😎

நான்: அது இணையத்தில் யாரோ போட்டுவைத்தது. ஒருவர் போட்டதை இருபது பேர் நகல் எடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: மூலப்பத்திரம் பார்க்காமல் நகலை நம்பினால் இப்படித்தான். நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன். முதலிலிருந்து சொல்லம்மா.

நான்: 1841 கணக்கெடுப்பு பெரியப்பா. இங்கிலாந்தில் நார்ஃபோக் என்ற மாவட்டத்தில் ஒரு கிராமம், ஜான், வயது 70. ஆனால் அந்த முறை பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 70 என்றால் 74 வரை போகலாம். பிறந்த ஊரைக் கேட்டது 1851-இல்தான், இவர் 1845-இலேயே போய்விட்டார். அடக்கப் பதிவேட்டில் வயது 76.

தம்பி: அப்போ 1769 வாக்கில். பிறப்புச் சான்றிதழ் எடுக்க முடியாதா?

நான்: அரசாங்கம் பிறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1837 ஜூலையில்தான்டா. அதற்கு முன் பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி) பாதிரியார் எழுதியதுதான், அதிலும் பெரும்பாலும் ஞானஸ்நானத் தேதி மட்டும். 1813-இல் அச்சுப் படிவம் வரும்வரை அவரவர் இஷ்டம். இந்தப் பாதிரியார் ரொம்பச் சிக்கனம்: “ஜான், தாமஸ் மேரி கிளார்க்கின் மகன்.” அவ்வளவுதான். அது 1768. 1769-இல் பக்கத்துப் பாரிஷில் வில்லியம் மகன் ஜான் என்று இன்னொருவன்.

சித்தி: ஏண்டி, நானும் அந்த மரத்தைப் பார்த்தேன். தாமஸின் அப்பா அம்மாவுக்கு 1740 மே மாதம் கல்யாணம், தாமஸுக்கு 1740 பிப்ரவரியில் ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு முன்னாடியே குழந்தையா 🙈

நான்: 😂 இல்லை சித்தி! அப்போது இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1740 மே முதலில், 1740 பிப்ரவரி பிறகு. நம் கணக்கில் அது 1741. ஜனவரி 1-க்கு மாற்றியது 1752-இல்.

பெரியப்பா: வைகாசிக்கு அப்புறம் மாசி வருகிற மாதிரி. ஒன்பது மாதம், கணக்கு சரி.

சித்தி: சரி சரி, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காலை 10:40

நான்: நேற்று ராத்திரி அடக்கப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 1768 நவம்பர், ஞானஸ்நானம் முடிந்து ஐந்தாம் வாரம்: “தாமஸ் கிளார்க்கின் கைக்குழந்தை ஜான்.” மரத்தில் போட்டிருந்த ஜான் அவன்தான்.

அம்மா: அடப் பாவமே.

நான்: 1772-இல் தாமஸுக்கு இன்னொரு ஜான். போன பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பது அங்கே சகஜம் அம்மா.

தம்பி: அந்த இரண்டாவது ஜானாக இருக்கலாமே?

நான்: 1841-இல் அவனுக்கு 69 கூட நிறைந்திருக்காது. 65 என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் தன் வயது தெரியாதவர்கள் ஏராளம், அதனால் இதை மட்டும் வைத்துத் தள்ளவும் முடியவில்லை.

பெரியப்பா: கல்யாணப் பதிவில் சாட்சி யார்?

நான்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் 😄 1754-லிருந்து மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம். ஜானுக்குக் கல்யாணம் 1794-இல். அவர் போட்டது பெருக்கல் குறி. ஒரு சாட்சி வில்லியம் கிளார்க், அவரும் பெருக்கல் குறி. தாமஸோ தன் கல்யாணத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தம்பி: முடிந்தது! வில்லியம்தான் அப்பா.

பெரியப்பா: பறக்காதே. அந்த வில்லியம் அண்ணனாகவும் இருக்கலாம், சித்தப்பாவாகவும் இருக்கலாம். சாட்சி போட்டவனெல்லாம் அப்பன் என்றால் என் பெயரில் ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள்.

நான்: 📷 பக்கத்துப் பாரிஷ், 1786

பெரியப்பா: வில்லியமின் மனைவி அடக்கம், படிக்க முடிகிறது. ஓரத்தில் ‘பி’ என்று ஒரு எழுத்து இருக்கிறதே, அது என்ன? எழுதியவர் இனிஷியலா?

நான்: இல்லை பெரியப்பா. 1783-லிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. பரம ஏழைக்கு (ஆங்கிலத்தில் pauper) விலக்கு, அந்த P-தான் அதற்கான அடையாளம். இரக்கப்பட்டு எல்லோருக்கும் அதைப் போட்டுக்கொடுத்த பாதிரியார்களும் உண்டு.

அம்மா: செத்ததற்கும் வரியா!

தம்பி: சம்பந்தியம்மா என்ன சொல்கிறார்?

நான்: அத்தைக்குத் தாமஸ்தான் வேண்டுமாம். பண்ணையைப் பற்றி அவர் தங்கையிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது 🤦🏽‍♀️ இவர் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மா: அச்சுக்கு என்னதான் கொடுக்கப் போகிறீர்கள்?

நான்: ஜானோடு நிறுத்தி, மேலே இரண்டு பேரையும் புள்ளிக்கோட்டில் போடலாம் என்றிருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி. ஏழைகளுக்கு உதவ வேண்டியது அவரவர் சொந்தப் பாரிஷின் பொறுப்பு, 1662 சட்டம். வெளியூர்க்காரன் உதவி கேட்டால், நீதிபதிகள் முன்னால் நிறுத்தி எங்கே பிறந்தாய், யாரிடம் ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்தாய் என்று விசாரித்து எழுதுவார்கள். ஜான் பக்கத்துப் பாரிஷிலிருந்து வந்தவர் என்றால் அவரையும் விசாரித்திருக்கலாம். அந்தக் கிராமத்துக் காகிதக் கட்டு நாரிச் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.

பெரியப்பா: காகிதத்தின் பின்பக்கத்தையும் படம் எடு. மேலே விரல் நிழல் விழாமல் பார்த்துக்கொள், போன தடவை பாதி வரி தெரியவில்லை.