அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சலக்கடுப்பு, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். 62 வயதான என் அம்மாவுக்கு ஆறு மாதத்தில் இது மூன்றாவது சிறுநீர்த் தொற்று. எரிவு, அடிக்கடி முட்டுதல், இரவில் நித்திரையே இல்லை. போன முறை எரிவு அடங்கியதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மீதியை அடுத்த தடவைக்கென்று அலுமாரியில் வைத்திருந்தார். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண்களின் சிறுநீர் வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான். குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியா அதனால் எளிதில் உள்ளே ஏறிவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைவதும் ஒரு காரணம் என்று வைத்தியர் விளக்கினார். காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி வந்தால் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம், தாமதிக்க வேண்டாம் என்றார்.

மருந்துக்கு முன் சிறுநீர்க் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டுமாம். திருகோணமலை நகரில் எங்கே செய்தீர்கள்? முடிவு எத்தனை நாளில் வந்தது?

இன்னொன்று. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது வழியில் மலசலகூடம் தேட வேண்டும் என்று அம்மா காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார். வெயிலில் அவ்வளவு படிகள் ஏறுகிறார்! உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படித் தண்ணீர் குடிக்க வைக்கிறீர்கள்?