உட்கார்ந்தது போதும், எழுந்திரு!

சியாட்டில் பக்கம் ஒரு ஸ்ட்ரிப் க்ளப்ல மூணு வருஷம் ஆடினேன். ஆடக் கத்துக்க ரெண்டு மாசம். அந்த ஆட்டத்தைப் பாட்டுக்கு இவ்வளவுன்னு வாடிக்கையாளர்கிட்ட விக்கக் கத்துக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

க்ளப் எங்களுக்குச் சம்பளம் தராது, நாங்கதான் அதுக்கு வாடகை கட்டணும். ஹவுஸ் ஃபீன்னு பேரு. டிஜேவுக்கும், காவலுக்கு நிக்கற பவுன்சருக்கும் தனியா. ஆக, உள்ளே நுழையும்போதே கடன்காரி. வியாபாரம் இல்லாத நாள்ல கட்ட முடியலன்னா பாக்கி அடுத்த ஷிஃப்ட்ல ஏறும். 2024ல வாஷிங்டன் மாநிலம் போட்ட சட்டம்தான் பாக்கியை இப்படி ஏத்தக் கூடாதுன்னுச்சு. எட்டு மணி நேரத்துக்கு 150 டாலர், இல்லன்னா ஆடிச் சம்பாதிச்சதுல 30 சதவீதம், எது கம்மியோ அதுதான் க்ளப் வாங்கற வாடகைக்கு உச்சம். நான் ஆடினது அதுக்கு முன்னாடி. அப்போ அங்கே க்ளப்ல மதுவும் கிடையாது. எதிர்ல ஜூஸ் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கற ஆள் தெளிவா கணக்குப் பார்ப்பார்!

முதல்ல மேசை மேசையா போய் "டான்ஸ் வேணுமா?"ன்னு கேட்டேன். "வேணாம்"னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தாங்க: கேட்காதே, ஒரு பாட்டு உட்கார்ந்து பேசு. அடுத்த பாட்டு தொடங்கும்போது "இது எனக்குப் பிடிச்ச பாட்டு, வாங்க"ன்னு கையை நீட்டு. ரெண்டு பாட்டு தாண்டியும் மழுப்பினா எழுந்திரு.

அந்த எழுந்திருக்கறதுதான் எனக்கு வரவே இல்ல. பேசிட்டிருக்கறவரை விட்டு எழுந்தா மரியாதை இல்லைன்னு வளர்ந்த உடம்பு. ஒரு செவ்வாக்கிழமை ஒருத்தர் தன் விவாகரத்துக் கதையைப் பதினோரு பாட்டு வரைக்கும் சொன்னார். நான் தலையாட்டிட்டே இருந்தேன். கடைசியில "நீ ரொம்ப நல்லவ"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். வாடகை போக அன்னைக்குக் கையில நின்னது 12 டாலர்.

— நான் ஆடினதில்ல அக்கா, போர்ட்லாண்ட்ல ஒரு க்ளப்ல பார் பக்கம் நின்னவ. அங்கேருந்து எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின பார்ட்டின்னு கும்பலா வருவாங்க. புதுசா வந்த பொண்ணுங்க நேரா மாப்பிள்ளைகிட்ட போவாங்க. அவன் பாக்கெட்ல ஒண்ணும் இருக்காது. யார் எல்லாருக்கும் பில் கட்டறானோ, அவன்கிட்ட விலையைச் சொல்லி முன்பணம் வாங்கறவதான் பிழைப்பா. ஆடி முடிச்சிட்டுக் கேட்டா, "நாலு பாட்டா? ரெண்டுதானே!"ம்பான். தமிழ் ஆளுங்க வந்ததுண்டா அக்கா?

— வந்தாங்களே. ஒரு தடவை மூணு பேர், "நீ கேளுடா", "நீ போடா"ன்னு ஒருத்தரை ஒருத்தர் தள்ளிட்டிருந்தாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. "யாராவது ஒருத்தர் வாங்களேன்"னு தமிழ்லயே சொல்லிட்டேன். மூணு பேர் முகமும் வெளிறிப் போச்சு. ஒருத்தன் எழுந்து நின்னு "சாரி சிஸ்டர்"னான்! மேசையில 20 டாலரை வச்சிட்டு ஜாக்கெட்டைக் கூட மாட்டாம ஓடிட்டாங்க.

மறுநாள்லேருந்து யார் கேட்டாலும் நான் மொரீஷியஸ்காரி.