விறகு பிளக்க கனமான கோடாலியா, லேசான பாராங் வெட்டுக்கத்தியா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கு, பாலிக் புலாவில் வீட்டுக்குப் பின்னால் நின்ற ரம்புத்தான் மரத்தை வெட்டியாயிற்று. கோயில் அன்னதானத்துக்கு அதை விறகாக்கித் தர ஆசை.

கிளை கழிக்க லேசான பாராங் அருமை; கை சளைக்காமல் வீசலாம். ஆனால் அடிமரத்தில் நார் அலகைக் கவ்விக்கொள்கிறது, முன்னும் பின்னும் ஆட்டித்தான் உருவ வேண்டியிருக்கிறது. மெல்லிய அலகு வெட்டும், பிளவை விரிக்காது. அதற்கு ஆப்பு மாதிரி தடித்த, கனமான தலைதான் சரி என்று நினைக்கிறேன்.

அப்பாவும் வெட்டுவேன் என்கிறார், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 3 கிலோ கோடாலி அவர் தோளுக்கு ஆகுமா, 1.5 கிலோ போதுமா? கணு விழுந்த கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான் வழியா? அப்புறம், ரம்புத்தானைப் பச்சையாகவே பிளப்பதா, காயவிட்டா? பிளந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.