மெட்ரிக் டான்ஸ் அனுமதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகள் இந்த வருடம் 12ஆம் வகுப்பு. 5 நாளுக்கு மேல் வராதவர்களுக்கு மெட்ரிக் டான்ஸ் (12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் நடன விருந்து) டிக்கெட் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு 7 நாள் ஆகியிருக்கிறது.

அதில் 3 நாள் காய்ச்சல், டாக்டர் சீட்டு கொடுத்தாயிற்று. 2 நாள் என் மாமியார் தவறியபோது. மீதி 2 நாள் தைப்பூசம். அவள் அப்பா மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலில் காவடி எடுத்தார், இவள் பால்குடம். விரதமிருந்த பிள்ளையை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது?

2010ஆம் ஆண்டு தேசிய வருகைக் கொள்கையில் நோய், குடும்பத்தில் இறப்பு, பள்ளி நிர்வாகக் குழு ஏற்ற சமயச் சடங்கு எல்லாமே முறையான காரணங்கள்தான். ஆனால் டான்ஸ் பாடம் இல்லை, அது சலுகை என்கிறார் வகுப்பாசிரியர். வகுப்புக்கு ஒழுங்காக வரவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஊர் சுற்றப் போனவளையும் பால்குடம் எடுத்தவளையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை, ரவிக்கை தைத்து வந்து அலமாரிக் கதவில் தொங்குகிறது. அவள் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

நிர்வாகக் குழுவுக்கு இப்படி எழுதி அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பதா, குழுத் தலைவரிடமா? கோயிலில் முத்திரையோடு கடிதம் வாங்கி இணைத்தால் எடுபடுமா? டிக்கெட் பணம் கட்ட அடுத்த வெள்ளிதான் கடைசி. அக்கா, அண்ணா யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.