ஃபோம் கோர் லிம்ப் மாற்றிய பின் வில் விறைப்பாக இருக்கிறது, ஓசையும் அதிகம்: காரணம் கோர்தானா?

நாணோசை:

வணக்கம். நான்கு ஆண்டுகளாக 19 அங்குல ஐ.எல்.எஃப். ரைசரில் (லிம்ப்களைக் கழற்றி மாற்றக்கூடிய பொதுவகைக் கைப்பிடியில்), மேப்பிள் மரக் கோரும் (நடு அடுக்கும்) கண்ணாடியிழை முகப்பும் கொண்ட லிம்ப்களை, அதாவது வளையும் வில்கைகளைப் பூட்டி, குறிகாட்டும் சைட்டோ அதிர்வைத் தணிக்கும் ஸ்டெபிலைசரோ இல்லாமல் எய்து வருகிறேன். வலக்கைக்காரன், மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவன், என் இழுநீளம் 30 அங்குலம். கடலோரத்தில் குடியிருப்பதால், உப்புக்காற்றையும் ஈரத்தையும் மரத்தைவிட ஃபோம் நன்றாகத் தாங்கும் என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் ஃபோம் கோரும் கார்பன் முகப்பும் கொண்ட மீடியம் (நடுத்தர நீள) லிம்ப்களை வாங்கினேன். பழைய லிம்ப்களும் மீடியம்தான். இரண்டிலும் 38 பவுண்டு என்றே எழுதியிருக்கிறது.

ஆனால் எய்து பார்த்தபோது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. கடைசி இரண்டு அங்குலத்தில் வில் சுவர்போல நிற்கிறது. அம்பை விட்டதும் பலகையில் அறைந்தது போன்ற ஓசை எழுகிறது. அதிர்வு இடது மணிக்கட்டு வரை வருகிறது. இறகில்லாத அம்பை 15 மீட்டரில் எய்தால், இறகுள்ள அம்புகளுக்கு வலப்புறமாக ஒரு சாண் தள்ளிப் பாய்கிறது. அம்புகள் பழையவையே: 500 ஸ்பைன் (தண்டு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்) கார்பன், முனையோடு சேர்த்து 400 கிரெயின் (சுமார் 26 கிராம்) எடை. நாணும் பழைய டேக்ரான் (சற்று நீளும் பாலியெஸ்டர்) நாண்தான்.

ஃபோம் என்பது மரத்தைவிட வளைய மறுக்கும் பொருளா? பழகப் பழக இளகுமா, அல்லது லிம்ப்பிலேயே பழுதா? கையிருப்பில் பெரும்பகுதியைச் செலவழித்து வாங்கியது என்பதால் மனம் கலங்கி இருக்கிறேன்.

கழைமுனை:

பழுது இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நாணைக் கழற்றிவிட்டு, ஒரு பஞ்சு உருண்டையை லிம்ப்பின் இரு விளிம்புகளிலும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். கார்பன் எங்கேனும் பிளந்திருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கிக்கொள்ளும். மூடிய காரில் வெயிலில் வைத்திருந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். ஈரம் ஃபோமை அவ்வளவாகப் பாதிக்காது என்பது சரிதான். ஆனால் அடுக்குகளைப் பிணைத்திருப்பது எபாக்சிப் பசை. கடும் வெப்பத்தில் அது இளகும், கோர் எதுவாக இருந்தாலும்.

நாணோசை:

பஞ்சு எங்கும் சிக்கவில்லை. காரில் வைத்ததும் இல்லை.

விற்பயிலகத்தான்:

நண்பரே, கோரின் மீது பழியைப் போடுவதற்கு முன் அது லிம்ப்பில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். லிம்ப் வளையும்போது அதன் வெளிமுகம் நீள்கிறது, உள்முகம் சுருங்குகிறது, நடுப்பகுதி ஏறத்தாழ நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஒரு பட்டையின் வளைவிறைப்பு அதன் தடிமனின் கனத்தை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. ஆகவே மொத்தத் தடிமனில் பாதியைக் கோர் அடைத்திருந்தாலும், அது முகப்பைப் போலவே உறுதியான பொருளாக இருந்தாலும்கூட, விறைப்பில் அதன் பங்கு எட்டில் ஒன்றுதான். மரமும் ஃபோமும் கண்ணாடியிழையை விடவும் கார்பனை விடவும் வெகுவாக இளகியவை என்பதால், உண்மையான பங்கு அதனினும் குறைவு. முகப்புகள் இரண்டையும் உரிய இடைவெளியில் நிறுத்தி, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடாதபடி பிடித்துக்கொள்வதே கோரின் பணி. துருக்கியர்கள் கொம்பையும் தசைநாரையும் முகப்புகளாக வைத்து நடுவே மேப்பிளை வைத்துக் கட்டிய வில்லிலும் இதே ஏற்பாடுதான்.

எனவே "ஃபோம் விறைப்பு, மரம் இளக்கம்" என்று பேசுவதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து. முகப்பின் தடிமன், லிம்ப்பின் அகலம், நுனியின் வளைவு, வில்லின் மொத்த நீளம் ஆகியவையே இழுவையின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. முறுக்கை எதிர்க்கும் தன்மைகூடக் குறுக்காகச் சாய்த்து ஒட்டிய கார்பன் அடுக்கிலிருந்தே பெரிதும் வருகிறது.

ஃபோமால் பயன் உண்டு, ஆனால் அது சிறியது. வில் விடுபடும்போது லிம்ப்பும் நாணும் தாங்களே நகர்வதற்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றலை, அம்போடு ஒட்டிச் செல்லும் ஒரு கற்பனை எடையாகக் கணக்கிடலாம் என்று அமெரிக்க இயற்பியலர் பால் கிளாப்ஸ்டெக் காட்டினார். உங்கள் வில்லுக்கு அந்த எடை 200 கிரெயின் என்று வைத்துக்கொண்டால், 400 கிரெயின் அம்புக்குப் போய்ச்சேரும் ஆற்றல் 600இல் 400 பங்கு. லிம்ப் இலேசாகி அந்த எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 580இல் 400 பங்கு. நொடிக்கு 170 அடி சென்ற அம்பு 173 அடி செல்லும், அவ்வளவுதான்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். தொங்குதராசின் கொக்கியை நாணில் மாட்டி, 26 அங்குலத்திலிருந்து 30 வரை ஒவ்வோர் அங்குலத்திலும் இழுவிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய லிம்ப்களைப் பூட்டியும் அப்படியே செய்யுங்கள். இரண்டு லிம்ப்களிலும் அடிப்பகுதியில் பவுண்டுக்கு அருகே வேறு ஏதேனும் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேஸ் ஹைட் (நாணேற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு என்பதும் தேவை.

நாணோசை:

மிக்க நன்றி ஐயா. சமையலறைக் கதவு நிலையில் தராசைக் கட்டி, அம்புத் தண்டில் கோடு போட்டு, தம்பியை எண்களைப் படிக்கச் சொல்லி அளந்தேன்.

பழைய லிம்ப்: 26 அங்குலத்தில் 32 பவுண்டு, 27இல் 34, 28இல் 36½, 29இல் 39, 30இல் 42.
புதிய லிம்ப்: 26இல் 38½, 27இல் 41, 28இல் 44, 29இல் 47, 30இல் 50½.

பழைய லிம்ப்பின் அடியில் அழிந்தும் அழியாமலும் 17 என்ற எண் இருக்கிறது. புதியதில் 25 என்று இருக்கிறது. பிரேஸ் ஹைட் 7 அங்குலம்.

விற்பயிலகத்தான்:

விடை அந்த 17லும் 25லும் இருக்கிறது. லிம்ப்பில் எழுதும் பவுண்டு 28 அங்குல இழுப்பில் அளந்தது. எந்த நீள ரைசரில் பூட்டி அளந்தார்கள் என்பதைச் சொல்பவை இந்த எண்கள். 25 அங்குல ரைசரில் 38 பவுண்டு காட்டும் லிம்ப்பை 19 அங்குல ரைசரில் பூட்டினால், அங்குலத்திற்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடி 44 ஆகும். உங்கள் தராசும் 28 அங்குலத்தில் அதையே காட்டுகிறது. பழையதோ 17 அங்குல ரைசருக்கு எழுதிய 38. நீளம் கூடிய ரைசரில் அது 36½ ஆகக் குறைந்தது. முத்திரை ஒன்றே, வில் இரண்டு.

இப்போது உங்கள் இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் புதியதைப் பழையதால் வகுத்துப் பாருங்கள். 26லும் 28லும் 30லும் விடை ஒன்றுதான்: ஏறத்தாழ 1.2. கடைசி அங்குலத்தில் பழையதில் கூடுவது 3 பவுண்டு, புதியதில் 3½. விகிதத்தில் வேறுபாடே இல்லை. அதாவது ஃபோம் இழுவையின் வடிவத்தை மாற்றவில்லை. நீங்கள் உணரும் சுவர், 19 அங்குல ரைசரும் மீடியம் லிம்ப்களும் சேர்ந்த 62 அங்குல வில்லை 30 அங்குலம் இழுப்பதால் முன்பும் இருந்ததே. 42 பவுண்டில் உங்கள் தோள் அதைத் தாங்கியது, 50½இல் தாங்கவில்லை.

மற்றவையும் இதிலிருந்தே வருகின்றன. 500 ஸ்பைன் அம்பு இந்த விசைக்கு இளகியது. வலக்கைக்காரர்க்கு இளகிய அம்பு இறகின்றி வலப்புறம் போகும். பவுண்டுக்கு 9½ கிரெயினாக இருந்த அம்பின் எடை இப்போது 8க்கும் கீழே வந்துவிட்டது. அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றல்தான் ஓசையாகவும் அதிர்வாகவும் மிஞ்சுகிறது. இந்த நீளத்து வில்லுக்கு 7 அங்குல பிரேஸ் ஹைட்டும் குறைவு. டேக்ரான் நாண் தளர்ந்திருக்கிறது. முறுக்கேற்றி 7¾க்குக் கொண்டுவாருங்கள், ஓசையில் பாதி அடங்கும்.

லிம்ப் போல்ட்டுகளை மேலும் கீழும் சமமாகத் தளர்த்தினால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்கு அப்பால் ஒரு திருப்புக்கூடப் போகாதீர்கள். இழுத்த நிலையில் போல்ட் பிடிப்பை விட்டால் முகத்துக்கு ஆபத்து. எப்படிப் பார்த்தாலும் 50 பவுண்டு இன்று உங்களுக்கு ஏற்றதல்ல. தோள்மூட்டு ஒருமுறை கெட்டால் வில்லே கையைவிட்டுப் போய்விடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மாற்றித் தருவார்களானால், 25 அங்குல ரைசருக்கு 30 பவுண்டு என்று எழுதிய லாங் (நீளமான) லிம்ப் கேளுங்கள். வில் 64 அங்குலம் ஆகும், கடைசி அங்குலம் உண்மையாகவே இளகும், உங்கள் 500 ஸ்பைன் அம்புகளும் வீணாகா.

கழைமுனை:

ஒன்று சேர்க்கிறேன். மூன்று விரலும் கீழே வைப்பவர் என்பதால் டில்லரை (மேல், கீழ் லிம்ப்களின் அடியிலிருந்து நாணுக்குள்ள தூரங்களின் வேறுபாட்டை) சுழியத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். பழைய லிம்ப்பின் நுனி வலுவூட்டப்படாததாக இருந்தால், நீளாத புதிய வகை நாணை அதில் ஏற்ற வேண்டாம். அதற்கு டேக்ரானே நல்லது.

நாணோசை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடைக்காரர் சிறு தொகை பெற்றுக்கொண்டு 30 பவுண்டு லாங் லிம்ப்களாக மாற்றித் தந்தார். தராசில் 30 அங்குலத்திற்கு 41½ பவுண்டு. கடைசி அங்குலத்தில் கூடுவது 2½ மட்டுமே. இறகில்லா அம்பு மற்றவற்றோடு நான்கு விரல் அகலத்துக்குள் நிற்கிறது.

நண்பர் ஒருவரிடம் அம்பின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்ததால், ஒரே அம்பைக் கொண்டு பத்துப் பத்து முறை எய்து சராசரி எடுத்தேன். பழைய மேப்பிள் லிம்ப்பும் டேக்ரான் நாணும் நொடிக்கு 168 அடி. புதிய லிம்ப்பை, அதன் நீளத்துக்கு வாங்கிய டேக்ரான் நாணோடு எய்தபோது 170. அதே லிம்ப்பில் நீளாத புதிய வகை நாணைப் பூட்டியதும் 174. ஃபோமும் கார்பனும் சேர்ந்து தந்ததைவிட நாண் இரு மடங்கு தந்திருக்கிறது. மணிக்கட்டு வலி முற்றிலும் நின்றுவிட்டது. பழைய லிம்ப்களை விற்கவில்லை. வில் பழகத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு இன்னும் இலேசானது வேண்டும் என்பதால், 17 என்ற எண்ணின் மேல் ஒட்டுத்தாளில் "19 அங்குல ரைசர், 28 அங்குலத்தில் 36½" என்று எழுதி ஒட்டி, அவன் வளரும் வரை உறையில் வைத்திருக்கிறேன்.